24-120ஆ, 24-200ஆ? மலையிலிருந்து கடல்வரை இரண்டு ஜூம் லென்ஸ்களோடு

முதல் நாள்

நானும் அக்காவும் இந்தப் பயணத்துக்கு ஒரே மாதிரிக் கேமராவைத்தான் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்திருக்கிறோம்: நிக்கான் இசட் 6 II. லென்ஸ்தான் வேறு வேறு. என்னிடம் நிக்கோர் இசட் 24-120 எஃப்/4 எஸ். அக்காவிடம் 24-200 எஃப்/4-6.3 விஆர். முதலில் வரும் இரண்டு எண்களும் ஜூமின் எல்லை, மி.மீ.யில்: எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சம் வாங்கும். விஆர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் கை நடுக்கத் தடுப்பு. ஆளுக்கு ஒரு லென்ஸ், அதற்கு மேல் பையில் எதுவும் கிடையாது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம். முதலில் மலை ஏற வேண்டும். அப்புறம் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றை ஒட்டியே நடந்து, ஆறு கடலில் சேரும் இடம்வரை போக வேண்டும். ஊர்ப் பெயர்களை எழுதப்போவதில்லை. எந்த மலைக்கு யார் போனாலும், "ஒரு லென்ஸ்தான் என்றால் எதை எடுப்பது?" என்ற கேள்வி மாறுவதில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 24-120 எடை 630 கிராம், 24-200 எடை 570 கிராம். நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்பக்கக் கண்ணாடிதான் வேறு: எனக்கு 77 மி.மீ. ஃபில்டர் வேண்டும், அக்காவுக்கு 67 போதும். 24-200 முதலில் வந்தது, 2020 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 24-120 அடுத்த வருடம் அக்டோபரில், இசட் 9 கேமராவோடு சேர்த்து அறிவிக்கப்பட்டது.

இவற்றை ஒப்பிட உட்காருபவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது கடைசி எண்ணைத்தான். 120, 200. ஒன்று 5 மடங்கு ஜூம், மற்றது 8 மடங்குக்கும் கொஞ்சம் மேல். அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது சரியில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஓர் எண்ணம் உண்டு. அது உண்மையா என்று ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்க இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

மாலையில் முகட்டுக்கு வந்து சேர்ந்தோம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியாகிவிட்டது, ஆனால் இன்னும் இருட்டவில்லை. சரிவில் சில குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இருவரும் 85 மி.மீ. வாக்கில் ஜூமை வைத்துக்கொண்டோம். குதிரை தலையைச் சிலுப்பும், வாலை வீசும், அதனால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போக முடியாது. எனக்கு எஃப்/4, ஐஎஸ்ஓ 1600 வந்தது. ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன், அது ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும். அக்காவின் லென்ஸ் அந்த இடத்தில் எஃப்/6.3ஐத் தாண்டித் திறக்காது. அதே ஷட்டருக்கு அவளுக்கு ஐஎஸ்ஓ 4000.

கேமராத் திரையில் இரண்டு படமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குதிரையின் பிடரி மயிர் என் படத்தில் இழை இழையாக நின்றது, அக்காவின் படத்தில் அதே மயிர் பொடிப்பொடியான புள்ளிகளுக்குள் கலந்து போயிருந்தது.

"டேய், இவ்வளவு வருதா?" என்று என் திரையை இழுத்துப் பார்த்தாள் அக்கா. வரத்தான் செய்கிறது. எஃப்/4க்கும் எஃப்/6.3க்கும் நடுவே இருப்பது ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதாவது, உள்ளே வரும் வெளிச்சம் இரண்டரை மடங்கு வித்தியாசம். நண்பகலில் இது ஒன்றுமேயில்லை. பொழுது சாயும் அரை மணி நேரத்தில் படத்தைத் தீர்மானிப்பதே இதுதான்.

இரண்டாம் நாள்

விடியுமுன் எழுந்துவிட்டோம். எதிரே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக மலைமுகடுகள். பக்கத்து முகடு கறுப்பு, அடுத்தது கரும்பச்சை, அதற்கடுத்தவை நீலமாக வெளுத்துக்கொண்டே போகின்றன. இப்படிப்பட்ட காட்சியை அகலமாக எடுத்தால் எல்லாம் சிறு கோடுகளாகச் சுருங்கிவிடும். நீளமான லென்ஸில், ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தால்தான் முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது தெரியும்.

இங்கே நடந்து நெருங்கவும் வழியில்லை. பத்தடி முன்னே போனால் பள்ளம். அக்கா 200க்குப் போய் நிதானமாக நாலைந்து படம் எடுத்தாள். நான் 120இல் முட்டி நின்றேன். 120இல் பார்வைக் கோணம் சுமார் 20 டிகிரி. 200இல் அது 12 டிகிரிக்குச் சற்று மேல். எனக்கு வேண்டிய முகட்டு வரிசை சட்டகத்தின் நடுவில் சின்னதாக இருந்தது, மேலும் கீழும் வெறும் பனி.

சரி, வெட்டிக்கொள்ளலாம் என்பதுதான் 24-120 வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொல்லும் பதில். வெட்டினால் என்ன மிஞ்சும்? இந்தக் கேமராவின் சென்சார் 24.5 மெகாபிக்சல். 120இல் எடுத்ததை 200 அளவுக்கு வெட்டினால் கையில் இருப்பது 8.8 மெகாபிக்சல். 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் அளவில் நல்ல பிரிண்ட் போடலாம். திரையில் பார்க்கத் தாராளமாகப் போதும். சுவரில் பெரிதாக மாட்ட வேண்டுமென்றால் போதாது. 45 மெகாபிக்சல் கேமராக்காரர்களுக்கு இதே வெட்டில் 16 மிஞ்சும். அவர்களுக்கு இந்தக் கவலையே பாதிதான்.

அறைக்கு வந்ததும் இரண்டையும் லேப்டாப்பில் போட்டோம். இருவரும் ஷட்டர் 1/500 வைத்திருந்தோம். எனக்கு ஐஎஸ்ஓ 800, அக்காவுக்கு 2000. நேற்று மாலைக் கணக்குப்படி பார்த்தால் என் படம்தான் சுத்தமாக இருக்க வேண்டும். வெட்டாமல் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஆனால் என் படத்தை அவள் சட்டகத்துக்குச் சமமாக வெட்டி, இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்த்தோம். புள்ளிகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. கூடவே, தூரத்து முகட்டில் நிற்கும் மரங்களின் உச்சி அக்காவின் படத்தில் தனித்தனியாகத் தெரிந்தது. என் படத்தில் அது ஒரு ரம்பப் பல் மாதிரியான விளிம்பு மட்டும்தான்.

நேற்று ஜெயித்த எஃப்/4 இன்று எங்கே போனது? அக்கா இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளை எழுதுகிறேன், மழை வரும்போல இருக்கிறது.

இரவு கொஞ்ச நேரம் வானம் திறந்தது. 24 மி.மீ.யில் இரண்டு லென்ஸும் எஃப்/4தான், அதனால் நட்சத்திரம் எடுப்பதில் வெளிச்சக் கணக்கில் இரண்டும் சமம். 20 நொடி, ஐஎஸ்ஓ 6400. மூலையில் இருக்கும் நட்சத்திரங்கள் என் லென்ஸில் கொஞ்சம் புள்ளியாகவே நின்றன, அவ்வளவுதான். நட்சத்திரத்துக்காகவே கிளம்புகிறவர்கள் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைத் தேடிக்கொள்வது நல்லது. இந்த இரண்டில் எதுவும் அதற்கானதில்லை.

மூன்றாம் நாள்

நாள் முழுக்க மழை. வெளியே போகவேயில்லை, ஆனாலும் இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் இது.

மேசைமேல் இரண்டு கேமராவையும் நிறுத்தி, ஆன் செய்து, வெளிச்சம் நுழையும் திறப்பான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்தோம். என்னுடையது 120இல், எஃப்/4. அக்காவுடையது 200இல், எஃப்/6.3. இப்போது முன்னால் போய், கை நீளத் தூரத்திலிருந்து லென்ஸுக்குள் பார்க்க வேண்டும். உள்ளே வட்டமாக ஒரு வாசல் தெரியும். இரண்டு வாசலும் கண்ணுக்கு ஒரே அளவாகத்தான் இருந்தன!

கணக்கும் அதையேதான் சொல்கிறது. எஃப் எண் என்பது ஒரு வகுத்தல். லென்ஸின் மி.மீ.யை அந்த எண்ணால் வகுத்தால் வாசலின் குறுக்களவு வரும். 120ஐ 4ஆல் வகுத்தால் 30 மி.மீ. 200ஐ 6.3ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 32. தூரத்தில் இருக்கும் அந்த ஒரு முகட்டிலிருந்து வரும் வெளிச்சத்தை இரண்டு லென்ஸும் ஒரே அளவு வாசல் வழியாகத்தான் வாங்கிக்கொள்கின்றன. நான் அதை 120இல் சின்னதாக, பிரகாசமாகச் சென்சாரில் விழவைக்கிறேன். அவள் அதே வெளிச்சத்தை 200இல் பெரிதாக, மங்கலாக விரிக்கிறாள். நான் வெட்டிப் பெரிதாக்கும்போது என் பிரகாசமும் அதே விகிதத்தில் கரைந்துவிடுகிறது. ஆக, 120க்கு அப்பால் இருக்கும் விஷயத்தில் என் எஃப்/4க்கு எந்த லாபமும் இல்லை. அவளிடம் அதே அளவு வெளிச்சத்தோடு மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பிக்சல்களும் இருக்கின்றன.

இப்போது இரண்டையும் 85இல் வைத்துப் பார்த்தோம். என் வாசல் 21 மி.மீ. அவளுடையது பதின்மூன்றரை. குறுக்களவில் இப்படியென்றால் பரப்பில் இரண்டரை மடங்கு. முன்னால் நின்று பார்த்தாலே பளிச்சென்று தெரிகிறது: ஒன்று அகலத் திறந்திருக்கிறது, மற்றது ஒருக்களித்த மாதிரி. குதிரைப் படத்தில் நடந்தது இதுதான்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். இந்த இரண்டு லென்ஸுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 200இல் இல்லை, நடுவில் இருக்கிறது. 24இல் இரண்டும் எஃப்/4. அங்கிருந்து அக்காவின் லென்ஸ் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வருகிறது. 50 வாக்கில் எஃப்/5ஐத் தாண்டிவிடுகிறது, 100ஐத் தொடும் முன்பே எஃப்/6.3க்கு வந்து நின்றுவிடுகிறது. ஆட்களை எடுப்பது, பக்கத்தில் நிற்கும் மிருகத்தை எடுப்பது, ஒரு கதவையோ ஜன்னலையோ மட்டும் தனியாக எடுப்பது எல்லாம் இந்த 50-120க்குள்தான் விழும். 24-120ஐத் தேர்ந்தெடுப்பவர் தூரத்தை விட்டுக்கொடுத்து இந்த நடுப்பகுதியை வாங்குகிறார். 24-200ஐத் தேர்ந்தெடுப்பவர் நடுப்பகுதியை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்குகிறார். கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இதில் பாதிதான் கண்ணில் படும்.

ஏன் இப்படிச் சுருங்க வேண்டும், எஃப்/4லேயே 200வரை போக விடலாமே என்று அக்கா கேட்டாள். விடலாம். அப்போது 200இல் வாசல் 50 மி.மீ. ஆக வேண்டும். அதற்கு முன்பக்கக் கண்ணாடி பெரிதாகும், பின்னால் வரும் கண்ணாடிகளும் பெரிதாகும். இப்போதே 24-200க்குள் 15 தொகுதிகளாக 19 கண்ணாடிகள் இருக்கின்றன. அதை 570 கிராமுக்குள் அடக்கியதே வாசலைச் சுருக்கியதால்தான். என்னுடையதில் 13 தொகுதிகளில் 16 கண்ணாடிகள்.

பேச்சு அப்படியே பழைய ஜூம்கள் பக்கம் போனது. 35 மி.மீ. ஃபிலிம் ஸ்டில் கேமராக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் ஜூம், 1959இல் வந்த ஃபோய்க்லாண்டர் ஜூமார். ஃபிராங்க் பேக் வடிவமைத்தது. 36-82 மி.மீ., எஃப்/2.8. எவ்வளவு சின்ன எல்லை பாருங்கள், முழுசாக இரண்டரை மடங்குகூட இல்லை. ஆனால் அது முழுக்க அந்த நடுப்பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் எஃப்/2.8லேயே. எனக்கு அது அழகான தேர்வாகப் படுகிறது.

நான்காம் நாள்

மழை விட்டது. காட்டு வழியே இறக்கம். ஓடைகள் எல்லாம் நிரம்பி ஓடுகின்றன, பாறைகள் முழுக்கப் பாசி.

ஓர் அழுகிய மரத்தண்டின்மேல் பாசிக்கு நடுவே குட்டிக் கோப்பைகள் மாதிரி லைக்கன் முளைத்திருந்தது. ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் ஒரு சொட்டு நீர். இந்த மாதிரி விஷயத்தில் என் லென்ஸுக்கு ஈடே கிடையாது. 24-120 எந்த ஜூமிலும் 35 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். அந்தத் தூரம் சென்சாரிலிருந்து கணக்கு. லென்ஸின் முகப்பிலிருந்து பார்த்தால் ஒரு சாண்கூட இருக்காது. 120இல் அப்படி நெருங்கினால் உருவத்தின் அளவு 0.39 மடங்கு. அதாவது சுமார் 9 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்று சட்டகத்தை முழுக்க நிரப்பும். ஒரு கோப்பைக்குள் இருந்த நீர்த்துளியில் மேலே உள்ள மரக்கிளைகள் தலைகீழாகத் தெரிந்தன. அதை எடுத்தேன்.

24-200 ஜூமுக்கு ஏற்ப 50 சென்டிமீட்டரிலிருந்து 70 வரை தள்ளி நிற்கச் சொல்லும். அதிகபட்சம் 0.28 மடங்கு, சட்டகத்தில் 13 சென்டிமீட்டர் அகலம். அக்கா அதே தண்டை எடுத்தபோது கோப்பைகள் கூட்டமாக வந்தன, துளிக்குள் இருந்த கிளைகள் வரவில்லை.

ஆனால் ஓடைக் கரைக்கு வந்ததும் நிலைமை மாறியது. ஒரு நாணலின் நுனியில் சிவப்புத் தட்டான் உட்கார்ந்திருந்தது. நான் நெருங்க நெருங்க அது எழுந்து பறந்து, கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரும். என் லென்ஸின் ஹுட் அதன் தலைக்கு மேல் நிழல் போடும் அளவுக்குப் போனால்தான் எனக்கு அந்த 0.39 கிடைக்கும். தட்டான் அதற்கு எப்படிச் சம்மதிக்கும்? அக்கா 200இல், லென்ஸ் முகப்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, குந்தி உட்கார்ந்து எடுத்தாள். இறகின் நரம்புகள், இறகு நுனியில் இருக்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பட்டை எல்லாம் வந்துவிட்டன.

"பூ, பாசின்னா நீ எடு. பறக்குறதெல்லாம் என்கிட்ட விடு" என்றாள். சரியான பங்கீடு.

அப்புறம் ஒரு சின்ன அருவி. நீரைப் பட்டுப்போல ஓடவிட வேண்டுமானால் ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்க வேண்டும். ட்ரைபாட் கொண்டுவரவில்லை. என் லென்ஸில் விஆர் இல்லை, கேமராவுக்குள் சென்சாரை அசைத்துச் சரிசெய்யும் அமைப்பை மட்டும் நம்ப வேண்டும். அக்காவின் லென்ஸிலேயே விஆர் உண்டு. 24இல் எடுத்தவரை இருவருக்கும் ஒன்றுபோலவே வந்தது. 100ஐத் தாண்டி, அருவியின் ஒரு படியை மட்டும் எடுக்க முயன்றபோது அக்காவின் படங்களில் பாறை அசையாமல் நின்றது பலமுறை. எனக்குச் சிலமுறைதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சென்சார் அசைவு இல்லாத கேமராக்கள் இருக்கின்றன, உதாரணமாக இசட் 50. அதில் 24-120ஐ மாட்டினால் கை நடுக்கத்துக்கு எந்தத் தடுப்பும் கிடையாது. அப்படிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 24-200 பக்கம் சாய்வதற்கு இது நியாயமான காரணம். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: விஆர் நம் கையைத்தான் நிறுத்தும், எதிரே இருப்பதை நிறுத்தாது. அருவிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெரணி இலை இருவருக்குமே கலங்கிப் போனது.

ஐந்தாம் நாள்

நடைதான் இன்று முழுக்க. எழுத அதிகமில்லை. 60 கிராம் வித்தியாசம் தோளுக்குத் தெரிகிறதா என்று மதியம் கேமராக்களை மாற்றிக்கொண்டு நடந்தோம். தெரியவில்லை.

ஆற்று நீரின் பளபளப்பைக் குறைக்க இருவரும் போலரைசர் மாட்டினோம். அது ஒன்றரை ஸ்டாப் வாக்கில் வெளிச்சத்தைத் தின்றுவிடும். மேகமூட்டத்தில் எஃப்/6.3க்கு மேல் அதுவும் சேர்ந்தால் ஐஎஸ்ஓ சட்டென்று ஏறுகிறது. அக்கா அரை மணியில் கழற்றி வைத்துவிட்டாள்.

காற்றோடு மணலும் அடித்தது. லென்ஸ் மாற்ற வேண்டிய தேவையே இல்லாததால் சென்சாரில் தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஜூமை மாட்டிக்கொண்டு போவதன் பெரிய நிம்மதி இது. இந்த நிம்மதி இரண்டு லென்ஸுக்கும் பொது.

ஆறாம் நாள்

ஆறு அகலமாகிவிட்டது. பழைய கல்பாலம் ஒன்றின் அருகே நாள் முழுக்க இருந்தோம்.

அக்கரையில் வளைந்த ஒரு கிளையில் மீன்கொத்தி. இருவரும் பாய்ந்தோம். 200இல்கூட அது சட்டகத்தில் ஒரு நீலப் பொட்டுதான். பறவைக்காக 24-200 வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பறவைக்கு 400 மி.மீ.யாவது வேண்டும். இந்த இரண்டு லென்ஸிலும் டெலிகன்வர்ட்டர் மாட்டி நீட்டவும் முடியாது.

பாலத்தில் என்னை நிறுத்தி அக்கா படம் எடுத்தாள். இது மூன்றாம் நாள் கணக்கைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே. முதலில் என் கேமராவில் 120, எஃப்/4. பிறகு அவளுடையதில் 200, எஃப்/6.3, ஆனால் நான் சட்டகத்தில் அதே அளவு வரும்படி பின்னால் நகர்ந்துகொண்டாள். எஃப்/6.3இல் பின்னணி மங்காது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாசலின் அளவு ஒன்றாக இருக்கும்போது தூரத்துப் பின்னணியின் மங்கலும் ஒன்றாகத்தான் வர வேண்டும், அப்படியே வந்தது. சொல்லப்போனால் 200இல் எடுத்த படம் இன்னும் அமைதியாக இருந்தது. பின்னால் கரை முழுக்க வராமல், கரையில் இருந்த ஒற்றை மரத்தின் பச்சை மட்டும் சட்டகம் முழுக்கப் பரவியிருந்தது. பின்னால் போக இடமிருந்தால் 24-200இலும் நல்ல உருவப்படம் எடுக்கலாம். இடமில்லாத சந்தில், ஓர் அறைக்குள், 70இலும் 85இலும் எடுக்க வேண்டியிருக்கும்போது 24-120தான் கை கொடுக்கும்.

சாயங்காலம் சூரியன் பாலத்தின் வளைவுக்குள் வந்து நின்றது. இருவரும் எஃப்/16க்குப் போய், வளைவின் விளிம்பில் சூரியனைப் பாதி மறைத்து எடுத்தோம். என் லென்ஸின் அப்பர்ச்சரில் 9 இதழ்கள், அவளுடையதில் 7. இதழ் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கதிர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு வரும். எனக்கு 18 கதிர், அவளுக்கு 14. எனக்கு என்னவோ அந்தப் 14 கதிர் பிடித்திருந்தது. கதிர்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு, தெளிவாக நிற்கிறது. ஆனால் சூரியனைச் சட்டகத்துக்குள் வைத்தால் நிழல் பகுதி வெளுத்துப் போவது என் லென்ஸில் குறைவு. உள்ளே கண்ணாடிகளின் எதிரொளிப்பைக் குறைக்க நானோ கிரிஸ்டல், ஆர்நியோ என இரண்டு பூச்சு இருக்கிறது. 24-200இல் ஆர்நியோ மட்டும்தான். வளைவின் அடிப்பக்கக் கற்களில் இருந்த கறுப்பு, என் படத்தில் கறுப்பாகவே இருந்தது.

கல்பாலத்தை நேராக நின்று எடுத்ததில் மூலைகளையும் பார்த்தோம். 24இல் எஃப்/4லேயே என் படத்தின் மூலைக் கற்கள் கூர்மை. அக்காவின் படத்தில் நடுப்பகுதி அதே கூர்மை, மூலை கொஞ்சம் இளகியிருந்தது, எஃப்/8க்குப் போனதும் நன்றாக இறுகிவிட்டது. எட்டு மடங்குக்கு மேல் நீளும் ஜூமில் இந்த அளவுக்கு வருவது எனக்கு மரியாதையைத்தான் வரவழைத்தது.

கடைசி நாள்

முகத்துவாரம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நிறம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் செம்மண் கலங்கல், அந்தப் பக்கம் பச்சை. மணல்திட்டில் இருந்து 24இல் எடுத்தால்தான் அந்தக் கோடு முழுசாக வருகிறது. இருவரும் ஒரே படத்தை எடுத்திருப்போம். யாருடையது எது என்று கேட்டால் சொல்ல முடியாது.

திரும்பும் வண்டியில், எடுத்த படங்களை எல்லாம் லேப்டாப்பில் மி.மீ. வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு படத்தோடும் அது எந்த மி.மீ.யில், எந்த எஃப் எண்ணில், எந்த ஐஎஸ்ஓவில் எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். மென்பொருளில் வடிகட்டினால் ஒரு நிமிட வேலை. அக்காவின் படங்கள் இரண்டு குவியலாக இருந்தன: 24இல் ஒரு குவியல், 200இல் ஒரு குவியல். நடுவில் வெகு கொஞ்சம். அவள் உலகத்தை ஒன்று முழுசாகப் பார்க்கிறாள், இல்லாவிட்டால் தூரத்தில் ஒரு துண்டைப் பார்க்கிறாள். என் படங்களில் பாதிக்கு மேல் 50க்கும் 120க்கும் நடுவே, அதிலும் பல படங்கள் விடியலிலும் அந்தியிலும். 120இல் முட்டி நின்று, பிறகு வெட்டியவை முகட்டுக் காட்சியைத் தவிர அதிகமில்லை.

"அப்போ நான் இதையே வச்சுக்குறேன். நீ உன்னோடதையே வச்சுக்கோ" என்றாள் அக்கா. மாற்றிக்கொள்ளலாமா என்று வழியில் ஒருமுறை பேச்சு வந்திருந்தது. இப்போது இருவருக்கும் அந்த எண்ணம் போய்விட்டது.

இந்த இரண்டில் ஒன்றை எடுக்கப்போகிறவர்கள் முதலில் தங்கள் பழைய படங்களை இப்படி வடிகட்டிப் பாருங்கள். கையில் இருப்பது எந்த ஜூமாக இருந்தாலும் சரி. அதன் கடைசி எண்ணில் முட்டி நின்ற படங்கள் எத்தனை, அவற்றில் பகலில் எடுத்தவை எத்தனை என்று ஒரு பக்கம். 50க்கும் 120க்கும் நடுவே ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டிய படங்கள் எத்தனை என்று இன்னொரு பக்கம். முதல் பக்கம் கனத்தால் 24-200, தயங்காமல் எடுங்கள். இரண்டாவது கனத்தால் 24-120. இரண்டும் சமமாக வந்தால், உங்கள் கேமராவுக்குள் நடுக்கத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 24-200தான்.